ஹெட்லைட்டுக்கு ஒரு முழம் தள்ளி

பிப்ரவரி 9

அன்புள்ள டிக்கிக்கு,

நலம். நலமில்லை என்று எழுதினால் நீ பதறுவாய், உன்னைப் பதறவிட்டதற்கு உன் வீட்டம்மா என்னைத் திட்டுவாள். ஆகவே நலம் என்றே வைத்துக்கொள்.

போன மாதம் நீ அனுப்பிய பழைய காரின் படம் மூன்று வாரமாக மேஜையில் கிடக்கிறது. எந்த வண்டி, எந்த வருடம் என்று பத்து நாளுக்குள் பதில், புத்தகத்தைப் புரட்டக் கூடாது, கடிதத்தில்தான் எழுத வேண்டும் என்று முப்பத்தோரு வருடத்துக்கு முன் நாம் போட்ட சட்டத்தை முதல் தடவையாக மீறியிருக்கிறேன். பின்கண்ணாடி முட்டை வடிவம். வோக்ஸ்வாகன் வண்டுக் கார், ஐம்பத்து மூன்றுக்கும் ஐம்பத்தேழுக்கும் நடுவில். இத்தனை சுலபமான படத்தை என் மேல் இரக்கப்பட்டுத்தான் அனுப்பியிருக்கிறாய் என்று தெரியும். தபால் நிலையத்தில் முப்பது வருடம் கடிதம் பிரித்தவனுக்கு எந்த உறையில் எதைப் போட வேண்டும் என்று தெரியாதா.

பாப்பா வீட்டைவிட்டுப் போய் நான்கு மாதம் ஆகிறது. போனாள் என்றால் ஒரு பெட்டியோடு, பகலில், என் கண் முன்னாலேயே. "போறேன்பா" என்றாள். ஏதோ தோழி வீட்டுக்கு என்று நினைத்துக்கொண்டேன். அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் போய்க் கேட்டேன். வேலையை எழுதிக் கொடுத்துவிட்டாளாம். போன் நம்பரை மாற்றிவிட்டாள். தோழிகள் என்னைப் பார்த்ததும் கைப்பையில் எதையோ தேடுகிறார்கள். இருபத்தொன்பது வயதுப் பெண்ணைக் காணவில்லை என்று போலீஸில் சொன்னால், "சண்டையா சார்?" என்று கேட்கிறார்கள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை.

உனக்கு எழுதினாளா? உன் வீட்டம்மாவிடம் பேசினாளா? அத்தை அத்தை என்று உயிரை விடுவாளே. ஒரு வரி எழுது.

இப்படிக்கு,
பானெட்

*

பிப்ரவரி 17

அன்புள்ள பானெட்டுக்கு,

பதில் சரி. தாமதத்துக்கு அபராதமாக அடுத்த ஆட்டத்தில் உனக்கு ஒரு புள்ளி குறைவு.

பாப்பாவைப் பற்றி எழுதியிருந்தாய். அவள் தன்னைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவள். இதற்கு மேல் என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. வேளைக்குச் சாப்பிடு. பாதி நாள் பட்டினி கிடப்பாய் என்று என் வீட்டம்மா சொல்கிறாள், அவள் சொல்வது பொய்த்ததில்லை.

இத்துடன் ஒரு படம். நானே போன வாரம் எடுத்தது. எங்கள் தெருவுக்கு ஒரு கல்யாண வீட்டு வண்டி வந்து நின்றது, விடுவேனா. பழைய சட்டம்தான், ஆனால் ஒரு புதுச் சேர்க்கை: படம் முழுவதையும் பார்த்துவிட்டு எழுது. அவசரப்படாதே. பூதக்கண்ணாடி வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
டிக்கி

*

பிப்ரவரி 24

அன்புள்ள டிக்கிக்கு,

மோரிஸ் மைனர். முன்கண்ணாடி இரண்டு துண்டு, ஆனால் முகப்பில் கிடைக்கோட்டுப் பட்டைகள். ஆகவே ஐம்பத்தைந்து, மிஞ்சினால் ஐம்பத்தாறு. பின்பக்கத்துக் கதவின் கீழ் விளிம்பில் துரு அரித்த இடத்தை அடைத்துப் பூசியிருக்கிறார்கள், படத்திலேயே தெரிகிறது. பூதக்கண்ணாடி எதற்கு என்று புரியவில்லை. எனக்குக் கண் நன்றாகத்தான் இருக்கிறது.

மனசுதான் இல்லை. யாரிடமும் சொல்லாத ஒன்றை உன்னிடம் எழுதிவிடுகிறேன். என் மனைவி இறந்துபோன அன்று நான் எங்கே இருந்தேன் என்று நீ கேட்டதில்லை. செங்கல் சூளைக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் ஹில்மன் ஒன்று கிடக்கிறது என்று ஒருவன் சொன்னான். அரை மணியில் வந்துவிடுகிறேன் என்று கிளம்பினேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டேன். போன் சட்டைப் பையில். பாப்பா பதினேழு தடவை கூப்பிட்டிருக்கிறாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்ட அம்மாவை ஆட்டோவில் தனியாகத் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் முடிந்திருந்தது. என் முழங்கையில் இருந்த கிரீஸைப் பார்த்துக்கொண்டே, "எங்கப்பா போயிருந்தீங்க?" என்று கேட்டாள். நான் சொன்னேன்: "ஒரு ஹில்மன் மின்க்ஸ்மா, அம்பத்தொம்போது மாடல்."

இதைத்தான் சொன்னேன், டிக்கி. வாய் தானாகச் சொல்லிற்று. எந்த வண்டி என்று கேட்டால் வருடத்தோடு சொல்லி முப்பது வருடப் பழக்கம். அவள் கேட்டது அதையல்ல. அதன்பின் ஆறு மாதம் எனக்குச் சமைத்துப் போட்டாள், துணி மடித்து வைத்தாள், அந்த ஒரு வார்த்தையைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை. பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இப்படிக்கு,
பானெட்

*

மார்ச் 3

அன்புள்ள பானெட்டுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். நான் மட்டும் படிக்கவில்லை, வீட்டில் சத்தமாகப் படிக்க வேண்டியதாயிற்று. அதற்கு மன்னித்துவிடு.

வண்டி சரி. ஆனால் ஆட்டத்தில் நீ தோற்றாய். ஏன் என்று கேட்காதே. அந்தப் படத்தை மறுபடியும் எடுத்து, காரைக் கையால் மறைத்துக்கொண்டு பார்.

இன்னொரு படம் வைத்திருக்கிறேன். இதிலாவது தேறு. ஒரு நண்பனாகக் கெஞ்சிக் கேட்கிறேன், நிதானமாகப் பார்.

டிக்கி

*

மார்ச் 10

டிக்கி,

காரை மறைத்துக்கொண்டு பார்க்க வேண்டுமாம். காரை மறைத்தால் அந்தப் படத்தில் ஒரு சுவரும் மாடியும் கொடியில் காயும் துணியும் இருக்கின்றன. வீடுகளை அடையாளம் காட்டும் ஆட்டம் எப்போது ஆரம்பித்தாய்? நான் செத்துக்கொண்டிருக்கிறேன், நீ விளையாட்டுக் காட்டுகிறாய்.

இரண்டாவது படம் பெஜோ 403. பானெட் நுனியில் சிங்கம் இருக்கிறது. நடந்து போகிறவர்களைக் குத்திவிடும் என்று பின்னால் அதை எடுத்துவிட்டார்கள், ஆகவே ஐம்பத்தெட்டுக்கு இந்தப் பக்கம் வராது. இடது முன்சக்கரத்தின் மூடி மட்டும் வேறு வண்டியிலிருந்து வந்தது. போதுமா? இதிலும் தோற்றேன் என்று எழுதினால் இனி உன் உறையைப் பிரிக்க மாட்டேன்.

தினமும் காலையில் அவள் ஏறும் பஸ் நிறுத்தத்தில் போய் நிற்கிறேன். எட்டு இருபது வண்டி போனதும் திரும்பிவிடுகிறேன். நேற்றுக் கண்டக்டர், "ஏறுங்க சார், தினமும் வழியனுப்பறீங்களே, ஒரு நாளாவது வாங்க" என்றான். சிரித்தேன். வீட்டுக்கு வந்து அவள் அறையில் உட்கார்ந்து அழுதேன். அவள் அறைச் சுவர் என்ன நிறம் என்று அன்றுதான் பார்த்தேன். இளம் பச்சை. அவளே பூசிக்கொண்டிருக்கிறாள். எப்போது பூசினாள் என்று எனக்குத் தெரியாது.

உனக்கு ஏதாவது தெரிந்தால் சொல்லிவிடு. உன் காலில் விழுகிறேன் என்று வைத்துக்கொள்.

பானெட்

*

மார்ச் 14

அடேய்,

வாக்குக் கொடுத்துவிட்டேன், மீறுகிறேன். என் வீட்டம்மா என் தோலை உரிப்பாள், உரிக்கட்டும்.

பாப்பா அக்டோபரிலிருந்து இங்கேதான் இருக்கிறாள். எங்கள் மாடி அறையில். "அப்பாகிட்ட சொன்னா அன்னைக்கே கிளம்பிடுவேன் மாமா" என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். நான் செய்தது தப்பா சரியா என்று பிறகு பேசலாம். நீ ஐந்து மாதம் தெருத்தெருவாக அலைந்தது தெரிந்தும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பாவம் என்னுடையது.

மோரிஸ் படத்தில், மாடி ஜன்னலில் தலை துவட்டிக்கொண்டு நிற்பவள் அவள்தான். அது தற்செயல். படம் கழுவி வந்ததும் அவளே பார்த்துவிட்டு, "அனுப்புங்க மாமா. கண்டுபிடிச்சா நானே போன் பண்றேன்" என்றாள். நீ துருவைக் கண்டுபிடித்தாய். கையால் மறைத்துப் பார்த்தபோதும் துணியைக் கண்டுபிடித்தாய்.

பெஜோ படம் அவள் கேட்டு எடுத்தது. "ஜன்னல் தூரம். பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்றாள். ஹெட்லைட்டுக்கு ஒரு முழம் தள்ளி, படியில் உட்கார்ந்து நேராக உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீ சிங்கத்தைப் பற்றி எழுதினாய். உன் கடிதத்தை வாங்கிப் படித்தாள். சக்கர மூடி வரும் இடத்தில் சிரித்தாள். பஸ் நிறுத்தத்தில் நிற்கும் இடத்தில் காகிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு மாடிக்குப் போனாள். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

அவளுக்கு வெளிநாட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருக்கிறது. இருபத்து மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றரைக்கு வீட்டிலிருந்து கிளம்புகிறாள். திரும்பி வருவதைப் பற்றிப் பேச மாட்டேன் என்கிறாள். அதற்குள் வந்துவிடு. நீ வருவதை அன்று காலையில்தான் அவளிடம் சொல்வேன். முன்னால் சொன்னால் முன்னாலேயே போய்விடுவாள்.

டிக்கி

*

மார்ச் 18

டிக்கி,

பார்த்தேன். படியில்தான் இருக்கிறாள். அந்தப் படத்தை நான் எத்தனை மணி நேரம் பார்த்திருப்பேன், எனக்கே தெரியாது. சிங்கத்தின் வால்வரை பார்த்தேன்.

கண்ணாடி போட்டிருக்கிறாள். எப்போதிருந்து? இங்கே இருந்தபோதே போட்டிருந்தாளா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. மெலிந்திருக்கிறாளா, அவள் எப்போதும் அப்படித்தானா? எதோடு ஒப்பிட்டுச் சொல்வது? முப்பது அடி தள்ளி நிற்கும் வண்டியின் கைப்பிடியைப் பார்த்து வருடம் சொல்கிறவன், என் மகளைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

சனிக்கிழமை மாலை ரயிலில் ஏறுகிறேன். ஞாயிறு காலை பத்தரைக்கு உன் ஊர். அங்கிருந்து பஸ். பதினோரு மணிக்கு உன் வாசலில் நிற்பேன். உன் மேல் கோபமில்லை. கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை.

பானெட்

*

மார்ச் 26

பானெட்,

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

அன்று காலையில் அவளிடம் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. முன்னறையில் பெட்டிகளை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பதினொன்றரைக்கு டாக்சி வந்தது. "அஞ்சு நிமிஷம் பாக்கலாம் மாமா" என்றாள். அப்படியே அரை மணி உட்கார்ந்திருந்தாள். டாக்சிக்காரன் நான்கு தடவை ஹாரன் அடித்தான். என் வீட்டம்மா உனக்காகப் போட்ட காபி ஆறிப்போயிற்று. இனி இருந்தால் விமானம் போய்விடும் என்ற நிலையில் எழுந்தாள். நானும் கூட ஏறவில்லை, நீ வந்தால் வீட்டில் ஆள் வேண்டுமே என்று.

விமான நிலையத்திலிருந்து என் வீட்டம்மாவுக்குப் போன் செய்திருக்கிறாள். போனில் எனக்குச் சரியாகக் காது கேட்காது, பாப்பா சொன்னதாக இவள் சொன்னதை எழுதுகிறேன்: "அத்தை, அவரு வந்திருந்தாரு. தெரு முனையில ஒரு பழைய வண்டி நிக்குதுல்ல, அதுமேல குனிஞ்சு பாத்துக்கிட்டு இருந்தாரு. டிரைவர் யாராவது தெரிஞ்சவங்களான்னு கேட்டாரு. இல்லை, போங்கன்னு சொல்லிட்டேன்."

நாற்பது அடி, பானெட். நாற்பது அடி நடந்திருந்தால் எங்கள் வாசல். உன்னோடு சேர்ந்து முப்பத்தோரு வருடம் இந்தப் பைத்தியத்தை வளர்த்ததற்கு வெட்கப்படுகிறேன். எனக்குக் கொஞ்ச நாள் எழுதாதே.

டிக்கி

*

ஏப்ரல் 2

அன்புள்ள டிக்கிக்கு,

எழுதாதே என்றாய். இதை ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன், பிறகு உன் இஷ்டம்.

பதினொன்றேகாலுக்கெல்லாம் தெரு முனைக்கு வந்துவிட்டேன். உன் மாடி ஜன்னல் தெரிந்தது, திறந்திருந்தது. ரயிலில் இரவெல்லாம் அவளிடம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். முனை திரும்பியதும் ஒரு சொல்லும் இல்லை. "எங்கப்பா போயிருந்தீங்க?" என்று மறுபடியும் கேட்டால் என்ன சொல்வேன் என்று பயம் வந்தது. எதையாவது பிடிக்காவிட்டால் விழுந்துவிடுவேன் என்று பக்கத்தில் இருந்ததைப் பிடித்துக்கொண்டேன். அது ஒரு கார்.

குனிந்து நின்றேன், உண்மைதான். மூச்சு வரவில்லை, அதனால் குனிந்தேன். தகடு வெயிலில் கொதித்தது. உள்ளங்கை இரண்டும் கன்றிப்போயின, இப்போதும் தோல் உரிகிறது. அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அந்த அரை மணியும் அங்கேதான் நின்றிருக்கிறேன், ஒரு நிமிடம் என்று நினைத்துக்கொண்டு. ஒரு வண்டி பக்கத்தில் போன சத்தம் கேட்டது. தலை தூக்கவில்லை.

பிறகு நடந்து வந்தேன். தங்கச்சி, உன் வீட்டம்மாதான், கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தாள். புரிந்துவிட்டது. உங்கள் முகத்தில் விழிக்கத் தைரியமில்லாமல் அப்படியே திரும்பிவிட்டேன்.

டிக்கி, நான் அந்த வண்டியைப் பார்க்கவில்லை. அது என்ன வண்டி என்று எனக்குத் தெரியாது. நிறம் தெரியாது. எத்தனை கதவு என்று தெரியாது. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை ஒரு பழைய வண்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு அதைப் பார்க்காமல் நின்றிருக்கிறேன், அதைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். இதை யார் நம்புவார்கள்? நானாக இருந்தால் நம்ப மாட்டேன். நீ மட்டும் நம்பு. அவளிடம் சொல்.

பானெட்

*

ஏப்ரல் 14

அன்புள்ள பானெட்டுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நம்புகிறேன். என் வீட்டம்மா நம்பவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பாப்பா கூப்பிட்டபோது உன் கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை போனில் வாசித்துக் காட்டினாள்.

கேட்டு முடித்துவிட்டுப் பாப்பா சொன்னாளாம்: "அவருக்குத் தெரியாத வண்டியா? கதை விடாதீங்க அத்தை." கொஞ்சம் பொறுத்து, "அது என்ன வண்டின்னு அவரையே ஒரு நாள் கேக்கறேன்" என்றாளாம். எந்த நாள் என்று சொல்லவில்லை. உன் நம்பரை இவள் எடுத்துச் சொன்னதற்கு, "என்கிட்ட இருக்கு" என்று வைத்துவிட்டாள். உனக்குத் தர அவள் நம்பரைக் கேட்டோம், தரவில்லை.

அந்த வண்டி முனையிலேயேதான் நிற்கிறது. பல் டாக்டருடையது. அவள் கேட்கும்போது நீ திருதிருவென்று முழிக்கக் கூடாது என்று ஒரு படம் எடுத்து, தனி உறையில் ஒட்டி, இதற்குள் வைத்திருக்கிறேன். பிரித்துப் பார்த்துக்கொள். அரிதான வண்டிதான், உனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அன்புடன்,
டிக்கி

*

ஏப்ரல் 21

அன்புள்ள டிக்கிக்கு,

நீ வைத்த உறையைப் பிரிக்காமல் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். ஒட்டு அப்படியே இருக்கிறதா என்று நீ பார்த்துக்கொள்ளலாம், தபால்காரன் கண் உனக்கு.

ஐந்து நாள் மேஜையில் வைத்திருந்தேன். மறைப்பானேன், ஒரு தடவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கியும் பிடித்துவிட்டேன். உள்ளே கறுப்பாக ஏதோ ஒரு வளைவு தெரிந்தது. மட்கார்டா, நிழலா, தெரியவில்லை. உடனே கவிழ்த்து வைத்துவிட்டேன். அரிதான வண்டி என்று வேறு எழுதித் தொலைத்திருக்கிறாய். அதையும் மறக்கப் பார்க்கிறேன்.

நீ நல்லது நினைத்துத்தான் செய்தாய். ஆனால் எனக்கு இது தெரியக் கூடாது. நீ இனி எந்தக் கடிதத்திலும் இதை எழுதிவிடாதே. வாய்தவறியும் தங்கச்சி சொல்லிவிட வேண்டாம். உன் தெருப்பக்கம் நான் வர மாட்டேன், வந்தால் என் கண் என்னைக் கேட்காமலே பார்த்துவிடும். உன்னைப் பார்க்க வேண்டுமானால் நீதான் இங்கே வர வேண்டும்.

காலையில் பஸ் நிறுத்தத்துக்குப் போவதில்லை. போனை முன்னறையில் வைத்து, அது எட்டும் தூரத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். குளிக்கப் போனால் கதவைத் திறந்தே வைக்கிறேன். ஒரு வாரமோ, ஒரு வருடமோ, அவள் கூப்பிட்டு, "அது என்ன வண்டிப்பா?" என்று கேட்பாள். தெரியாதும்மா என்று நான் சொல்வேன். அன்றைக்கு அது உண்மையாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பானெட்